சட்டைப் பையும் ஐம்பதாம் பிரிவும்: மெத்தபெட்டமைன் வழக்குகளில் உடற்சோதனை

கஞ்சா வழக்கில் வணிக அளவுக்கான எல்லை 20 கிலோ. மெத்தபெட்டமைன் வழக்கில் அது 50 கிராம். முன்னதைச் சுமக்க மூட்டை வேண்டும்; பின்னதற்குச் சட்டைப் பையே போதும். மெத்தபெட்டமைன் கைதுகளில் உடற்சோதனை ஏன் இத்தனை முக்கியமாகிறது என்பதை இந்த வேறுபாட்டிலிருந்தே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பையிலிருந்து எடுக்க எளிதான பொருள், பையில் வைக்கவும் எளிதானது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டப்படி, 2 கிராமுக்குக் குறைந்தால் சிறு அளவு. ஓராண்டு வரை சிறை. 50 கிராமைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள். ஹீரா சிங் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், கலப்படப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆகவே பொட்டலத்தில் உண்மையான போதைப்பொருள் எவ்வளவு என்பது தண்டனையைத் தீர்மானிப்பதில்லை. தராசில் நிற்கும் மொத்த எடையே தீர்மானிக்கிறது. வணிக அளவு என்றானதும் 37ஆம் பிரிவு பிணையின் கதவை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் அவகாசம் உண்டு.

இத்தனை கடுமைக்கு ஈடாகச் சட்டம் வைத்திருக்கும் முதன்மையான வேலி 50ஆம் பிரிவு. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டென்பதைத் தெரிவிக்க வேண்டும். அவர் கோரினால் அழைத்துச் செல்ல வேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். பல்தேவ் சிங் வழக்கில் (1999) அரசியலமைப்பு அமர்வு, இதனை மீறி உடலிலிருந்து எடுத்த பொருளை உடைமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்றது. விஜய்சிங் ஜடேஜா வழக்கு (2010), ‘ஏறத்தாழப் பின்பற்றினோம்’ என்ற சாக்கையும் நிராகரித்தது. பரமானந்த் வழக்கில் (2014) இருவருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு கொடுத்தது தவறெனப்பட்டது; சோதனைக் குழுவிலேயே இருந்த கண்காணிப்பாளரை மூன்றாவது தெரிவாக முன்வைத்ததும் அவ்வாறே.

வேலியில் இரண்டு திறப்புகள் உள்ளன. ஒன்று, பை. கையிலுள்ள பை ‘உடல்’ ஆகாது என்று பவன்குமார் வழக்கு (2005) முதல் ரஞ்சன்குமார் சத்தா வழக்கு (2023) வரை உச்ச நீதிமன்றம் கூறிவருகிறது. இலக்கணப்படி அது சரிதான். ஆனால் பொருள் கால்சட்டையில் இருந்ததா, தோள்பையில் இருந்ததா என்பதை மகஜரில் எழுதுபவர் காவலரே.

மற்றொன்று, ஒப்புதல். உரிமையை ஒருவர் விட்டுக்கொடுக்கலாம் என்பதைச் சத்தா தீர்ப்பு ஏற்கிறது. நடைமுறையில் இதன் பொருளென்ன? எங்கள் கைக்கு வந்த வழக்குக் கட்டுகளில் ஒப்புதல் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தில் இருக்கின்றன: “எனக்கு உரிமை விளக்கப்பட்டது, தாங்களே சோதிக்கலாம்.” பெயரும் நேரமும் மட்டும் மாறுகின்றன. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பைச் சேர்ந்த இருபது வயது இளைஞர், நள்ளிரவில் நான்கு காவலர் சூழ நிற்கையில், “இல்லை ஐயா, நடுவரிடம் அழைத்துப் போங்கள்” என்று சொல்வாரென எதிர்பார்ப்பது சட்டப் புத்தகத்துக்கு மட்டுமே சாத்தியம். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சந்தேகத்துக்குரியவராகும் ஒருவரின் ஒப்புதலை, வழக்கறிஞருடன் நிற்கும் ஒருவரின் ஒப்புதலோடு சமமாக எடைபோட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, நாட்டின் விசாரணைக் கைதிகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

அழைத்துச் செல்வதற்குள் பொருள் கைமாறிவிடும் என்று காவலர் நம்பினால் நேரடியாகச் சோதிக்கவும் 2001 திருத்தம் இடமளிக்கிறது. அப்போது காரணத்தை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பியாக வேண்டும். அந்த நகலை நாம் கேட்டுப் பெற வேண்டும். சில கட்டுகளில் அது இருப்பதே இல்லை.

கைதுச் செய்தி வந்ததும் செய்ய வேண்டியவை பல. பிடிக்கப்பட்ட நேரம், இடம், உடனிருந்தோர், உரிமை எந்த மொழியில் யாரால் சொல்லப்பட்டது, எது முதலில் சோதிக்கப்பட்டது என்பவற்றை அன்றே கேட்டு எழுதிவையுங்கள். முதல் ரிமாண்டிலேயே நடுவரிடம் இவற்றைச் சொல்லிப் பதிவு செய்யக் கோருங்கள். மகஜர் சாட்சிகள் அப்பகுதியினரா, வேறு வழக்குகளிலும் அதே காவல் நிலையத்துக்குச் சாட்சி சொன்னவர்களா என்று பாருங்கள். 52ஏ பிரிவின்படி மாதிரி நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்பதும் முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, கைப்பற்றலை ஒலி-ஒளிப் பதிவு செய்ய ஆணையிடுகிறது. பதிவு இல்லையெனில் ஏன் இல்லை என்பது குறுக்கு விசாரணையின் முதற் கேள்வியாகட்டும்.

காவல் நிலையக் கேமரா பதிவுகளை 18 மாதங்கள், குறைந்தது ஓராண்டாவது, பாதுகாக்க வேண்டுமென்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. விசாரணை தொடங்கும்போது கேட்டால் அப்பதிவு அழிந்திருக்கும். எனவே கைதான வாரத்திலேயே, அதனைப் பாதுகாக்கக் கோரும் மனுவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுவது நல்லது.