கடல் வணிகமும் இடரின் விலையும்

கடலில் போகும் சரக்கின் ஆபத்துக்கு விலை வைக்கும் வழக்கம், அந்த விலையை விளக்கும் கோட்பாட்டைவிட இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்சு வணிகர்கள் கப்பல் பயணத்துக்கெனத் தனிக் கடன் வாங்கினார்கள். கப்பல் பத்திரமாகத் திரும்பினால் அசலும் வட்டியும் கட்ட வேண்டும். மூழ்கினால் எதுவும் தர வேண்டியதில்லை. டெமாஸ்தனிஸ் பெயரில் வழங்கும் ஒரு வழக்குரையில் இத்தகைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. கருங்கடல் சென்று திரும்ப ஆயிரத்துக்கு 225 வட்டி. செப்டம்பரில் சுவாதி நட்சத்திரம் உதித்த பிறகு அங்கிருந்து கிளம்பினால் 300. கூடுதலான 75, புயல் பருவத்துக்கான விலை.

ரோமானியச் சட்டமும் இந்தக் கடனை ஏற்றது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் அதன் வட்டிக்கு 12 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தார். 13ஆம் நூற்றாண்டில் போப் ஒன்பதாம் கிரகோரி அதை அநியாய வட்டி என்று கண்டித்தார். அடுத்த நூற்றாண்டில் இத்தாலிய வணிகர்கள் கடனையும் இடரையும் தனித்தனியே பிரித்தார்கள். ஜெனோவாவில் 1347இல் எழுதப்பட்ட பத்திரம், எஞ்சியிருக்கும் மிகப் பழைய காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒன்று. அது வட்டியில்லாக் கடன் பத்திரம் போலவே எழுதப்பட்டது. கப்பல் கரை சேர்ந்தால் செல்லாது என்பது அதன் நிபந்தனை. ஆம்ஸ்டர்டாமில் 1598இல் காப்பீட்டு வழக்குகளுக்கெனத் தனி மன்றம் அமைந்தது. லண்டனில் 1680களில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடை அத்தொழிலின் சந்தையானது. பருவம், பாதை, போர், கொள்ளையர் பயம் ஆகியவற்றைப் பார்த்து அனுபவத்தால்தான் பிரீமியம் முடிவானது.

1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் நிகழ்தகவுக் கணக்கைத் தொடங்கி வைத்தார்கள். அதன்படி ஒரு வாய்ப்பின் மதிப்பு அதன் சராசரிப் பலன். ஆனால் பிரீமியம் சராசரி இழப்பைவிடக் கூடுதல் என்பதால், அந்தக் கணக்கில் காப்பீடு வாங்குபவருக்கு எப்போதும் நட்டம்தான்; ஆயினும் வணிகர்கள் அதை வாங்கினார்கள். இந்த முரணுக்கு டேனியல் பெர்னூலி, பீட்டர்ஸ்பர்க் அகாதெமி 1738இல் வெளியிட்ட கட்டுரையில் விடை சொன்னார். ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள செல்வம் எவ்வளவு கூடுதலோ, புதிதாக வரும் ரூபிள் அவருக்கு அவ்வளவு குறைவாகப் பயன்படும் என்பது அவர் கொள்கை.

அவர் தந்த எடுத்துக்காட்டும் கடல் வணிகமே. ஆம்ஸ்டர்டாமில் வாங்கிய சரக்கு பீட்டர்ஸ்பர்க் வந்தால் 10,000 ரூபிள் பெறும். அந்தப் பருவத்தில் நூறு கப்பல்களில் ஐந்து மூழ்கும். காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரி நட்டமோ 500தான். ஆயினும் சரக்கு நீங்கலாக 5,043 ரூபிளுக்குக் குறைவான செல்வம் உள்ள வணிகர் காப்பீடு செய்வதே நல்லது. காப்பீடு தருபவரிடம் குறைந்தது 14,243 ரூபிள் இருந்தால் அவருக்கும் அது ஆதாயம். ஒரே பேரத்தில் இருவரும் பயனடைவது இப்படித்தான். சரக்கை இரு கப்பல்களில் பிரித்து அனுப்பினால் சராசரி வரவு மாறாவிட்டாலும் அதன் மதிப்பு உயரும் என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

1944இல் வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் இக்கருத்துக்கு முறையான விதிகளின் அடிப்படை தந்தனர். 1960களில் ஜான் பிராட்டும் கென்னத் ஆரோவும் இடர் தவிர்க்கும் மனப்பாங்கை அளக்கும் அளவையை உருவாக்கினர். பெர்னூலியின் சூத்திரத்தில் அந்த அளவு, செல்வம் இரட்டித்தால் பாதியாகிறது. மொத்தச் செல்வத்தை வைத்தே மனிதர் முடிவெடுக்கிறார்கள் என்ற அவரது அனுமானத்தை 1979இல் கானெமனும் ட்வெர்ஸ்கியும் மறுத்தனர்: மக்கள் இருக்கும் நிலையிலிருந்து வரும் ஆதாயத்தையும் இழப்பையுமே எடைபோடுகிறார்கள், இழப்பே கூடுதலாகக் கனக்கிறது.