எழுத்துக் கூட்டியவர்கள் கூட்டிய கூட்டம்

நடுவர் அவர்களே! 'படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கும்'னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனாரு. வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கய்யா!

1975 டிசம்பர் 21, டோக்கியோ. படக்கதை ரசிகர்கள் 32 குழுவாகத் தாங்களே அச்சிட்ட புத்தகங்களோடு கடை விரிச்சாங்க. வந்தவங்க சுமார் 700 பேர். அதே 'காமிக்கெட்'டுக்கு 2019-ல் நாலே நாளில் 7 லட்சம் பேருக்கு மேல்!

டோக்கியோ எதுக்கு? நம்ம பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. பக்கத்துச் சிவகாசியிலும் ரெண்டு ஊற்று: 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ்; 1984-ல் லயன் காமிக்ஸ். அன்று பாடப்புத்தகத்துக்குள்ள ஒளிச்சுப் படிச்ச பையன், தலை நரைச்சபிறகும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் சக வாசகரைத் தேடி வர்றாரு.

கெட்டுப்போனவன் புத்தகத் திருவிழாவுக்கா வருவான்? எழுத்தைக் கூட்டிப் படிச்ச பிள்ளைங்க ஊரையே கூட்டிட்டாங்க! தீர்ப்பை எங்களுக்கே தாருங்கள்.