வா (வினைச்சொல்)

வா: தமிழின் ஒழுங்கில் அடங்காத வினைகளுள் ஒன்று. ஏவலில் 'வா', நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் 'வரு' (வருகிறான், வருவான்), இறந்தகாலத்தில் குறுகி 'வ' (வந்தான்). 'தா' என்ற வினையும் இதே தடத்தில் திரியும்: தருகிறான், தந்தான்.

தன்மை, முன்னிலை இடங்களை நோக்கிய செயலுக்கு உரியவை என வருதலையும் தருதலையும் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்தது. செலவையும் கொடையையும் படர்க்கைக்கு ஒதுக்கியது. பிற்காலத்தில் 'கொடு' மூவிடத்துக்கும் பரவிவிட, 'வா' பெரும்பாலும் பழைய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. கூப்பிட்ட குரலுக்கு நாம் "இதோ வர்றேன்" என்கிறோம். ஸ்பானிய மொழியில் அதற்கு வருதலைக் குறிக்கும் 'பெனிர்' பயன்படாது. போதலைக் குறிக்கும் வினையின் தன்மை ஒருமையான 'போய்' என்பதே வரும். (தமிழ் 'போய்' போல ஒலிப்பது தற்செயல்.) பெனிரும் அடங்காத வினைதான்: பெங்கோ (வருகிறேன்), பினே (வந்தேன்), பெந்த்ரே (வருவேன்).

13ஆம் நூற்றாண்டின் நன்னூல், வினைப்பகுதிகளுக்குக் காட்டும் 23 வாய்பாடுகளில் 'வா'வை இரண்டாவதாக வைக்கிறது. 'வந்தனன்' என்பதை வா+த்+த்+அன்+அன் எனப் பிரித்து, வா 'வ' ஆனதும் த் 'ந்' ஆனதும் விகாரம் என்று எழுதாமல் தமிழ்ப் பாடத்தைக் கடந்தவர் குறைவு. விகாரம் என்ற பெயர் மாற்றத்தைக் குறிக்கிறதே தவிர, அதன் காரணத்தைச் சொல்வதில்லை.

காரணத்தின் தடயம் இனமொழிகளில் இருக்கிறது. கன்னடத்தில் பா, பரு, பந்த. மலையாளத்தில் வா, வரு, வன்னு. தெலுங்கில் ஏவல் 'ரா', இறந்தகாலம் 'வச்சாடு'. தமிழையும் சேர்த்து நான்கிலும் இவ்வினை வடிவம் மாறுகிறது என்பதால், இந்தத் திரிபு இம்மொழிகள் பிரிவதற்கு முந்தையது எனக் கொள்ளலாம்.

இனிப் பேச்சுவழக்கு: பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் பூண்டுச் சந்தையில் "மலைப்பூண்டு வந்துருச்சா?" என்று கேட்டால், "வருதுண்ணே" என்று பதில் வரும். பெரியவர்களுக்கு 'வாராக', 'வந்தாக' என்பது தேனி, மதுரைப் பக்கத்து மரியாதைப் பன்மை. இங்கே "அவன் வாரான்" என்றால் வந்துகொண்டிருக்கிறான். பழைய செய்யுளிலோ 'வாரான்' என்பது வரமாட்டான் என்ற எதிர்மறை. இரண்டும் இன்று மோதுவதில்லை, ஏனெனில் உயர்திணையில் எதிர்மறையை 'வரமாட்டான்' எடுத்துக்கொண்டது. அஃறிணையில் மட்டும் பழைய அமைப்பு உயிரோடு இருக்கிறது: "இந்த ரோட்டுல பஸ் வராது."