ஸ்டார் ரெய்டர் எத்தனை சீசன் தாங்குவார்? பவன், பர்தீப் கதை சொல்வது என்ன?

2022 அக்டோபர். புரோ கபடி லீக்கின் 9-வது சீசன். ஏலத்தில் ரூ.2.26 கோடி கொடுத்து தமிழ் தலைவாஸ் எடுத்த பவன் செராவத், தன் முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர் அந்த சீசனில் திரும்ப வரவே இல்லை. 'அவ்ளோதான், இந்த வருஷமும் போச்சு' என்றுதான் ரசிகர்கள் நினைத்தார்கள். ஆனால், 2017-ல் லீக்கில் சேர்ந்த தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது அதே சீசனில்தான்.

ஒரே ஒரு ஸ்டார் ரெய்டரை நம்பி அணி கட்டலாமா? அப்படிப்பட்ட ரெய்டர் எத்தனை வருஷம் தாங்குவார்?

ரெய்டருக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி?

திருச்சி, திருவானைக்காவல் பக்கம் பொங்கலுக்கு ஊர்க் கபடி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடிப் போகிறவர் தனி ஆள். எதிரே ஏழு பேர். 30 விநாடிக்குள் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பிடிப்பவருக்குத் துணைக்கு ஆறு பேர் உண்டு, ரெய்டருக்கு யாரும் கிடையாது.

40 நிமிட ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 40 ரெய்டு வரும். முதன்மை ரெய்டர் அதில் பாதி அளவுக்குப் போவார். தொடர்ந்து இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காவிட்டால் அவுட். அந்த நெருக்கடியிலும் பெரும்பாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, இன்னொருவர் தொடையைக் கட்ட, மூன்றாமவர் தோளால் இடித்து வெளியே தள்ள, அத்தனையும் ஒரே உடம்பில் விழுகிறது. மண் தரையில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பிடித்து நிற்கும். உடம்பு திரும்பும்போது சுமை முழங்காலுக்குப் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. பவனுக்கு அன்று அடிபட்டது ரெய்டில் இல்லை, எதிரணி ரெய்டரை மடக்கப் போனபோது. ஸ்டார் என்பதால் அவரை டிஃபென்ஸில் ஒதுங்கி நிற்கச் சொல்லவா முடியும்?

பர்தீப் நர்வால்: 28 வயதில் முடிந்த கணக்கு

காயத்தைவிடச் சத்தமில்லாமல் ரெய்டரை வீழ்த்துவது எதிரணியின் பாடம். 2017 சீசனில் பாட்னா பைரேட்ஸுக்காக பர்தீப் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369. ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ரெய்டில் 8 புள்ளி எடுத்ததும் அந்த சீசனில்தான். பிடிக்க வருபவர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து பாய்கிற 'டுப்கி' அவர் கையெழுத்து மாதிரி. பாட்னா தொடர்ந்து மூன்று முறை கோப்பை வாங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

2021 ஏலத்தில் யுபி யோதா அவருக்கு ரூ.1.65 கோடி கொடுத்தது. அந்த சீசனில் புள்ளிகள் 188. இந்த இடைவெளியில் எல்லா அணியும் வீடியோ பார்த்து டுப்கி எப்போது வரும், எந்தப் பக்கம் வரும் என்று படித்துவிட்டதாகத்தான் தோன்றுகிறது. டுப்கிக்கு வெடித்துக் கிளம்புகிற வேகம் வேண்டும். அது கால் விநாடி குறைந்தாலும் எதிராளியின் கைக்குள் போய் விழ வேண்டியதுதான். 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஆளில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார், லீக் வரலாற்றிலேயே அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர் என்ற பெயரோடு.

தாக்குப் பிடித்தவர்களும் உண்டு

அனூப் குமார் 35 வயது வரை ஆடினார். அவர் ஆட்டம் வேகத்தை நம்பியதில்லை: போனஸ் கோடு, கால் நுனித் தொடுதல், எதிராளியின் நிற்கும் விதத்தைப் படித்துக் காத்திருப்பது. கிடைத்தால் ஒரு புள்ளி, இல்லாவிட்டால் சும்மா திரும்பி வருவார். பார்க்கச் சலிப்பாக இருக்கலாம், ஆனால் உடம்பு மிச்சம். மணீந்தர் சிங் முதல் சீசனில் ஜெய்ப்பூருடன் கோப்பை வாங்கி, காயத்தால் மூன்று சீசன் காணாமல் போய், பெங்கால் வாரியர்ஸில் திரும்பி வந்தவர். அவருடையது பலத்தை நம்பிய ஆட்டம்.

டிஃபெண்டர்கள் கதை வேறு. 1992-ல் பிறந்த ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, 33 வயதிலும் இடது கார்னரில் நின்று ஆடினார்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே வாக்குவாதம் உண்டு. அங்கே குவார்ட்டர்பேக் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். சிலர் எறிவதோடு நிற்காமல் பந்தோடு தாங்களே ஓடுவார்கள், அடியும் அதற்கேற்ப. 2015-ல் லீக்கின் மதிப்புமிக்க வீரரான கேம் நியூட்டன், தோள், பாதக் காயங்களுக்குப் பிறகு பழைய நிலைக்கு வரவில்லை. ஓட்டத்துக்குப் பேர்போன லாமர் ஜாக்சனோ 2019-லும் 2023-லும் அதே விருதை வாங்கினார். இரண்டாவது முறை வாங்கிய ஆண்டில் அவர் எறிதல் முன்பைவிடத் தேறியிருந்தது.

பவன் இல்லாத தலைவாஸ் என்ன செய்தது?

பவன் இடத்தில் வந்த நரேந்தர் லீக்குக்கே புதுப் பையன். அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். அவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் ரெய்டுக்குப் போக அஜிங்க்யா பவார் இருந்தார். பின்னால் சாகர், சாஹில் குலியா என்று கார்னர்கள் வலுவாக நின்றார்கள். நடுவில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் வைத்திருந்தது ஸ்டார் இல்லாத அணி. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளியில்தான் தோற்றது.

பவனும் முடிந்துபோகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். அதே ஆண்டு ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்தது ரூ.2.605 கோடி. 2025-ல் தலைவாஸ் அவரைத் திரும்ப எடுத்தபோது விலை ரூ.59.5 லட்சம். சில ஆட்டங்களிலேயே அணியை விட்டுப் போனார், அதற்குக் காரணம் காயம் அல்ல. அதே ஏலத்தில் தலைவாஸ் ரூ.1.405 கோடி கொடுத்து இன்னொருவரையும் எடுத்தது. அர்ஜுன் தேஷ்வால். அவரும் ரெய்டர்தான்.