பழவேற்காட்டுப் படகும் சுக்கானும்

கடலைக் காணாத திருப்பதி மேட்டு நிலத்திற்கும் பாய்மரப் படகிற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்று எண்ணுவோர், 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்தின் கீழ்க்கோடியில், சூளூர்ப்பேட்டையை அடுத்து விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியை மறந்தவராவர். 1806-இல் பாசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டத் தொடங்கி, பின்னர் இவ்வேரியோடு இணைந்து, 1878-இல் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாயின் வழியே ஸ்ரீஹரிகோட்டை விறகு சென்னை சேர்ந்தது.

ஆழமற்ற இந்நீரில் பழம்படகிற்குப் புதுச் சுக்கான் பூட்டுவது நுண்ணிய வித்தை: பின்கம்பத்து இரும்பு வளையங்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்க்கோட்டில் நில்லாவிடில் சுக்கான் இறுகித் திரும்ப மறுக்கும், அதன் அடிப்பலகை படகின் அடிக்கட்டையான ஏராவிற்குக் கீழே இறங்கிவிட்டாலோ, தரைதட்டி, அவ்வளையங்களில் மாட்டிய முளைகள் ஒடியும். இத்தகைய படகுகளின் சரக்கை ரயிலும் லாரியும் பறித்துக்கொள்ள, 1966, 1976 புயல்கள் கால்வாயையும் சிதைத்தன. ஆகவே, சுக்கான் பூட்டும் இக்கரைத் தச்சர்களின் அளவுமுறைகளை இனியேனும் எழுதிவைத்தல் வேண்டும்.