காந்த ஊசியும் பம்பாய் டிராமும்



போன மாதம் 98ஆம் வருஷத்து செட் பசங்க நாலு பேர் என்னைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனார்கள். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேட்டில் டீ குடித்துவிட்டு, காட்டுப் பாதையில் நடந்தோம். திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் என் பழைய காம்பஸை எடுத்துப் பார்த்தேன். அது காட்டிய திசை தப்பு என்றான் ஒருவன். "ஊசி பொய் சொல்லாதுடா" என்று அவன் வாயை அடைத்தேன். அரை மணி நேரம் நடந்த பிறகு எதிரே வந்த மலைக்காரப் பெரியவர், "இது பள்ளத்துக்குப் போற தடமாச்சே, எங்கய்யா போறீங்க?" என்று திருப்பி அனுப்பினார்.

தப்பு ஊசியுடையது அல்ல. என் சட்டைப் பையில் செல்போன். அதன் உறையின் மடிப்பில் ஒரு காந்தம். காம்பஸை நெஞ்சருகே பிடித்துத்தான் பார்த்தேன்!

வரலாற்று வாத்தியாருக்கு இது மறந்திருக்கக் கூடாது. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்திலுள்ள காந்த ஊசி திரும்பும் என்று 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். அதன் பலனை அனுபவித்தது நம் பம்பாய். அங்கே கொலாபா ஆய்வகத்தில் 1840களிலிருந்தே பூமியின் காந்தப் புலத்தை அளந்து வந்தார்கள். நகருக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அந்த மின்னோட்டம் ஊசிகளைக் குழப்பிவிடும் என்பது புரிந்தது. டிராமை நிறுத்த முடியுமா? ஊசிதான் ஊரை விட்டுப் போனது. கொலாபாவின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் மூஸ் காலத்தில், தெற்கே சுமார் 30 கி.மீ. தள்ளி அலிபாகில் புது ஆய்வகம் எழும்பியது. கட்டடத்தில் இரும்பே கூடாது என்று போர்பந்தர் மணற்கல்லில் கட்டினார்கள். 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்து, கணக்கைச் சரிபார்த்துக்கொண்டார்கள். 1907இல் டிராம் ஓடியது. அலிபாகில் இன்றும் அளக்கிறார்கள்.

அவர்கள் 30 கி.மீ. தள்ளிப் போனார்கள். நமக்கு இரண்டு முழம் போதும். சின்னக் காந்தத்தின் வலு, தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செல்போன், அதன் உறை, இயர்போன், பவர் பேங்க், கார் சாவி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு காம்பஸைப் பாருங்கள். காம்பஸையும் போனையும் ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள்; நாளடைவில் ஊசியின் வடக்கே தெற்காக மாறிவிடக்கூடும். போனுக்குள் இருக்கும் காம்பஸும் காந்த உறைக்குத் தப்பாது. கொல்லிமலைப் பாறையிலேயே மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது உண்டு. அதனால் அங்கே பாறை மேல் வைத்தும் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அன்று சரியாகச் சொன்னவன், வகுப்பில் நான் அடிக்கடி "சும்மா உட்காருடா" என்று அடக்கிய மூணாவது பெஞ்சுக்காரன். தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். ஊசி பக்கத்தில் இருப்பதைத்தான் நம்பியது. நான் ஊசியை நம்பினேன். உன்னை நம்பியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.