பிஸ்மில்லாஹ்: பொருளும் பயன்பாடும்

மாத்தளையிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே வரும்போது இருப்பது எங்கள் பலாபத்வல. அதே வீதிதான் யாழ்ப்பாணம் வரை செல்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர், அரபு எழுத்தைக் கண்டாலே சந்தேகம் எழுந்த நாட்களில், கடைப்பலகையிலுள்ள 786 எதைக் குறிக்கிறது என்று வன்னியிலிருந்து வந்த தமிழ் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்றால், அளவில்லா அருளும் குறையாத அன்பும் உடைய அல்லாஹ்வின் பெயரால் என்று பொருள். ரஹ்மான், ரஹீம் இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். தாயின் கருவறையைக் குறிக்கும் அரபுச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே.

குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 இவ்வாக்கியத்துடன் தொடங்குகின்றன. 9ஆம் அத்தியாயத்தில் மட்டும் இல்லை. 27ஆம் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில், ஸபா நாட்டு அரசிக்கு சுலைமான் நபி எழுதிய கடிதத்தின் தொடக்கமாக அது மீண்டும் வருகிறது.

சாப்பிடும்போதும், பயணம் புறப்படும்போதும், பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போதும் இதைச் சொல்வோம். அரபு எழுத்துகளுக்குரிய எண்பெறுமதிகளைக் கூட்டினால் வருவதே 786. இறைவனின் பெயர் எழுதிய தாள் காலில் மிதிபடக்கூடாது என்பதற்காகப் பலர் இந்த எண்ணை எழுதுகிறார்கள். மார்க்க அறிஞர்கள் சிலர் இதை ஏற்பதில்லை.

பாவமான காரியத்தை பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கக்கூடாது என்பது மார்க்க அறிஞர்களின் கருத்து. அப்படியிருக்க, தேவாலயத்தில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களைக் கொல்வதற்கு அந்தப் பெயர் எப்படித் துணையாகும்?

நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நாங்களும் பிள்ளையார் சுழி போட்டுத்தானே தொடங்குகிறோம்" என்றார்.